பயந்து பயந்து ஒரு குளியல்

புதுச்சேரியின் பிள்ளைச்சாவடியில் கடல் கண்ணெதிரே கிடக்கிறது. ஆனாலும் சின்னானுக்கும் மைனாவுக்கும் குளிக்க வேண்டியது விரலளவு ஆழத்து நன்னீர்தான். அதை வீட்டோரம் வைத்துவிட்டால் பறவைக் குளியல் பார்க்க எங்கும் அலைய வேண்டாம்.

நனைந்த பறவையால் சட்டென்று எழும்பிப் பறக்க முடியாது. பூனைக்கும் வைரிக்கும் அது எளிதில் அகப்படும் நேரம் அதுதான். எனவே தட்டு எது, இடம் எது என்பதையெல்லாம் பறவையின் பயமே முடிவு செய்யட்டும்.

முதலில் தட்டு. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கிற அகலமான மண்தட்டு போதும். புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர்ச் சுடுமண் நம் ஊர்ச் சரக்குதான், ஆனால் இதற்கு அலங்காரச் சாமான் தேவையில்லை. வழவழப்பான பீங்கானும் பிளாஸ்டிக்கும் கூடாது, கால் வழுக்கும். ஓரத்தில் அரை அங்குலம், நடுவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டு ஆழமென்றால் சொரசொரப்பான கல் ஒன்றைப் போடுங்கள். போர் தண்ணீர் உவர்த்தால், நீங்கள் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். குளிக்க வருபவை குடிக்கவும் செய்யும்.

அடுத்து இடம். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். வெட்டவெளியில் வைத்தால் பறவை இறங்கத் தயங்கும். முருங்கையிலிருந்தோ செம்பருத்தியிலிருந்தோ ஏழெட்டு அடி தள்ளி, மதியம் நிழல் விழுகிற இடமாகப் பாருங்கள். வைத்த பிறகு இடத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

தினமும் காலையில் பழைய தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் விளிம்புவரை தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச் சுவரில் முட்டையிடும். காய்ந்தாலும் அந்த முட்டை பல மாதம் உயிரோடிருக்கும். கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்தே ஆக வேண்டும்.

இனி பார்க்கும் வேலை. ஜன்னலுக்கு உள்ளே, அசையாமல் உட்காருங்கள். சின்னான் விளிம்பில் அமர்ந்து நாலு பக்கமும் பார்க்கும். அலகை நனைக்கும், மறுபடி பார்க்கும். பிறகு நெஞ்சைத் தண்ணீரில் அமுக்கி, தலையை முக்கி எடுத்து, இறக்கையால் முதுகின்மேல் வாரி இறைக்கும். சட்டென்று வெளியே துள்ளும், திரும்ப இறங்கும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து அடிக்கும் கூத்து தனி. தட்டில் பாதித் தண்ணீர் மிஞ்சினால் அதிசயம்.

குளியல் முடிந்ததும் கதவைத் திறந்துவிடாதீர்கள். எனக்குப் பிடித்த காட்சி அதற்குப் பிறகுதான். கிளையேறி, உடம்பை உதறி, வாலடி மேல்புறச் சுரப்பியில் அலகால் எண்ணெய் எடுத்து ஒவ்வொரு இறகாகக் கோதும். 2009இல் வெளியான நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வொன்றில், குளிக்க நீர் கிடைக்காத, மைனா குடும்பத்து ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகள் தப்பிப் பறக்கும்போது குறுக்கே தொங்கிய கயிறுகளில் அதிகம் மோதின. ஆக, குளியல் வெறும் விளையாட்டில்லை.

எல்லாப் பறவையும் தட்டுக்கு வராது. தேன்சிட்டும் தையல்சிட்டும் ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும். செடிக்கு ஊற்றும்போது இலைமேலும் தெளியுங்கள். கரிச்சானும் மீன்கொத்தியும் பறந்தபடியே நீரில் விழுந்து எழும். அதற்கு ஊசுட்டேரிக் கரைக்குப் போங்கள். சிட்டுக்குருவிக்குப் புழுதிக் குளியலும் உண்டு. முற்றம் முழுக்கச் சிமென்ட் போடாமல் ஒரு மூலையில் உலர்ந்த மண்ணை விட்டுவையுங்கள்.

ஐப்பசி மழை பிடித்ததும் தட்டைக் கவிழ்த்துவிடலாம். தை மாதம் மறுபடி நிமிர்த்தினால் போதும்.