முப்பது நாள் அவகாசம்

இந்த மாதப் படிப்பு வட்டத்துக்கு ஒரு காட்டை எடுத்துக்கொள்வோம். சிலாங்கூரில், சைபர்ஜெயாவுக்கு மேற்கே இருக்கிறது கோலா லங்காட் வடக்கு வனப் பகுதி. 1927-இல் அரசிதழில் பதிவானபோது அதன் பரப்பு 7,200 ஹெக்டேருக்கும் மேல். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்ததில், 2020-இல் மிஞ்சியது ஆயிரம் ஹெக்டேருக்கும் குறைவு. அந்த ஆண்டு பிப்ரவரியில் பத்திரிகையில் ஓர் அரசு அறிவிப்பு வந்தது. மிச்சமிருந்ததிலும் சுமார் 97 விழுக்காட்டை வனப் பட்டியலிலிருந்து நீக்கிக் கட்டுமானத்துக்குக் கொடுக்கப் போகிறார்களாம். ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். நான் படிக்கிறது பொறியியல், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்! இது சாதாரண மண் இல்லை, பீட் மண். விழுந்த இலையும் கிளையும் வேரும் தண்ணீரில் ஊறி, முழுசாக மக்காமல், பல ஆயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த அடுக்கு. அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான், நனைந்த ஸ்பாஞ்ச் மாதிரி. மேலே கட்டடம் எழுப்பணும் என்றால் தண்ணீரை வடிக்கணும். வடித்தால் மண் சுருங்கும், தரை இறங்கும். காற்று பட்டதும் மக்கத் தொடங்கி இன்னும் இறங்கும். கட்டடம் ஆழமான தூண்கள் மேல் நின்றுகொள்ளும். ஆனால் சுற்றியிருக்கிற சாலையும் கால்வாயும் தரையோடு சேர்ந்து இறங்கும். காய்ந்த பீட்டில் தீப்பிடித்தால் நிலத்துக்கு அடியில் புகைந்துகொண்டே போகும். மேலே தண்ணீர் ஊற்றினால் மட்டும் அணையாது. நமக்குப் பழக்கமான புகைமூட்டத்துக்கு இந்த மண்ணும் ஒரு காரணம்.

“காடு ஏற்கெனவே எரிந்து சீரழிந்துவிட்டது” என்பது அரசாங்கம் சொன்ன காரணங்களில் ஒன்று. காட்டில் தீ பிடித்தது உண்மை. ஆனால் ஈரமான பீட் அவ்வளவு எளிதில் பற்றாது. சுற்றுப்புறத்தில் தண்ணீரை வடிகட்டி, காட்டைக் காயவைத்து, பிறகு அது எரிகிறதே என்று எடுத்துக்கொள்வது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அடுத்தது சட்டம். நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. 1984 தேசிய வனவியல் சட்டப்படி ஒரு வனப் பகுதியை நீக்கும் அதிகாரமும் மாநிலத்திடமே இருக்கிறது. சிலாங்கூர் மட்டும் 2011-இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தது: நீக்குவதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். அந்த 30 நாள் அங்கிருந்து வந்ததுதான். இந்தத் திருத்தம் இல்லாவிட்டால், காடு போன பிறகுதான் நமக்குத் தெரிந்திருக்கும்.

மக்கள் அந்த 30 நாளைச் சும்மா விடவில்லை. 45,000-க்கும் அதிகமான ஆட்சேபங்கள் போய்ச் சேர்ந்தன. புக்கிட் சீடிங், பூசுட் பாரு போன்ற கிராமங்களில் வாழும் தெமுவான் பூர்வகுடியினர் முன்வரிசையில் நின்றார்கள். மற்றவர்களுக்கு அது காடு, அவர்களுக்கு அது பாட்டன் பூட்டன் நிலம். செப்டம்பரில் பொது விசாரணை நடந்தது. நவம்பரில் மாநிலச் சட்டமன்றமே வனப் பகுதிகளைக் காக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. வென்றுவிட்டோம் என்றுதானே நினைப்போம்?

இல்லை. 2021 மே மாதத்திலேயே காட்டில் பாதிக்கும் மேல், 536.7 ஹெக்டேர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வெளியே தெரிந்தது ஆகஸ்ட் கடைசியில். சட்டம் கருத்துக் கேட்கச் சொல்கிறது, கேட்டபடி நடக்கச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் எதிர்ப்புக் கிளம்பியது, இந்த முறை இன்னும் பலமாக. செப்டம்பர் 8-ஆம் தேதி, நீக்கத்தை ரத்து செய்வதாக மந்திரி பெசார் அறிவித்தார். தொடர்ந்து கவனித்துக் கேள்வி கேட்டதால் வந்த முடிவு அது.

இது நமக்குப் புதுக்கதை இல்லை. தோட்டத்து மரத்தடியில் தாத்தா காலத்துக் கோயில் இருக்கும், நிலம் தோட்டத்தின் பேரில் இருக்கும். தோட்டம் கைமாறிய பிறகுதான் நாம் பத்திரத்தைத் தேடுவோம்.

கோத்தா டாமன்சாராவில் கதை வேறு மாதிரி. அங்கே குடியிருப்பாளர்களே கூடி, காட்டுக்குள் நடைபாதைகளைப் பராமரித்து, பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். 2010-இல் சுமார் 320 ஹெக்டேர் நிரந்தர வனமாக அரசிதழில் ஏறியது. வாராவாரம் ஆள் நடக்கிற காட்டில் புதிதாக ஓர் அளவுக்கல் முளைத்தாலும் உடனே கண்ணில் படும். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

2022-இல் மத்திய நாடாளுமன்றமும் பொது விசாரணையைச் சட்டத்தில் சேர்த்தது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் அதைத் தன் சட்டமன்றத்தில் ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும்.

அடுத்த கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள காட்டின் பெயர் என்ன, அது வனப் பகுதியாகப் பதிவானதா, இல்லை வெறும் அரசு நிலமா என்று மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டு வாருங்கள். உங்கள் மாநிலம் 2022 திருத்தத்தை ஏற்றதா என்று பாருங்கள். முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை நாலு பேராகப் போய் நடந்து பாருங்கள். நிரந்தர வனப் பகுதிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும், அதையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பேனாவும் நோட்டும் கொண்டு வாங்க, ஓர் ஆட்சேபக் கடிதம் எழுதிப் பழகுவோம்.