முன்னுரை எழுதுவது எப்படி? பள்ளி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விடைத்தாள் திருத்தும்போது பெரும்பாலான முன்னுரைகள் ஒரே வரியில் முடிவதைப் பார்க்கிறேன்: "இதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்." அந்த வரியில் பிழையில்லை. அதற்கு மேலே இருக்கும் மூன்று வரிகளைப் பிய்த்து வேறொரு கட்டுரையின் தலையில் ஒட்டினாலும் பொருந்திவிடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம். எந்தக் கட்டுரைக்கு எழுதுகிறோமோ அதற்கு மட்டுமே பொருந்துவதாக முன்னுரை இருக்க வேண்டும்.

முதலில் உட்தலைப்புகள்

பேனாவை எடுத்ததும் முன்னுரையில் கை வைக்காதீர்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வில் கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். வினாவிலேயே குறிப்புகளும் தந்திருப்பார்கள். அவற்றை இரண்டு முறை படித்து, ஒவ்வொரு உட்தலைப்பின் கீழும் என்ன எழுதப் போகிறீர்கள் என்று மனத்துக்குள் வரிசைப்படுத்துங்கள். வீடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியும்?

தலைவர்களைப் பற்றிய கட்டுரை

"இந்தியாவில் எத்தனையோ தலைவர்கள் தோன்றினர்" என்ற தொடக்கம் யாருக்கும் பொருந்தும். அவர் வாழ்வில் மட்டுமே இருக்கும் ஒன்றைத் தேடுங்கள். காமராசரைப் பற்றி என்றால் இப்படித் தொடங்கலாம்:

"1903 ஜூலை 15 அன்று விருதுநகரில் பிறந்த சிறுவன் ஒருவன், தந்தையை இழந்ததால் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டான். அவனே பின்னாளில், 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து, ஏழைப் பிள்ளைகள் பசியால் படிப்பை விடக்கூடாது என்று பள்ளியிலேயே மதிய உணவு தந்தான். அவர்தான் காமராசர்."

இதில் புகழ்ச்சொல் ஒன்றுகூட இல்லை, கவனியுங்கள். பாதியில் நின்ற படிப்பையும் பின்னால் போட்ட சோற்றையும் அருகருகே வைத்ததும் பெருமை தானே தெரிகிறது. முதலில் 'அவன்' என்று சொல்லி, பெயர் வரும்போது 'அவர்' என மாற்றியிருப்பதும் அதற்காகத்தான்.

பொதுப் பிரச்சினைக் கட்டுரை

நீர் மேலாண்மை என்றதும் "நீர் உயிர்களின் ஆதாரம்" என்று எழுதக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஓர் ஊரையும் ஓர் ஆண்டையும் பிடியுங்கள்.

"2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் படகு ஓடியது. 2019 கோடையில் அதே ஊருக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தனர். மிஞ்சிய நீரைத் தேக்கத் தெரியாமல் போனது ஏன்?"

அந்தக் கேள்விக்குப் பொருளுரை விடை சொல்லட்டும். கேள்வியில் முடிக்கும் முன்னுரைக்கு ஒரு நிபந்தனை உண்டு: விடை உங்களிடம் இருக்க வேண்டும்.

திருக்குறளோடு தொடங்குவது நல்ல பழக்கம்தான். ஆனால் பிழையில்லாமல் நினைவில் இருந்தால் மட்டும் எழுதுங்கள். அடுத்த வரியிலேயே அதைத் தலைப்போடு இணைத்துவிடுங்கள்.

விவாதக் கட்டுரை

"மாணவர்களுக்குக் கைபேசி தேவையா?" என்று கேட்டால், நன்மையும் உண்டு தீமையும் உண்டு என்று மழுப்பாதீர்கள். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை முன்னுரையிலேயே சொல்லுங்கள். எதிர்த்தரப்பின் வலுவான காரணம் ஒன்றை முதல் வரியில் ஒப்புக்கொண்டு, 'ஆயினும்' என்று திரும்பினால் உங்கள் நிலைப்பாடு இன்னும் உறுதியாக ஒலிக்கும்.

அனுபவக் கட்டுரை

பொருட்காட்சிக்குப் போய்வந்ததை எழுதச் சொன்னால் காலையில் பல் துலக்கியதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நுழைவாயிலில் நில்லுங்கள். "சீட்டு வாங்கும் வரிசையிலேயே டெல்லி அப்பளம் பொரியும் வாசனை வந்துவிட்டது. தம்பி என் கையை விட்டுவிட்டு ராட்டினத்தை நோக்கி ஓடினான்." இரண்டே வரியில் படிப்பவரும் உள்ளே வந்துவிடுகிறார்.

கதையைப் பற்றிய கட்டுரை

ஆசிரியர் பெயர், படைப்பின் பெயர், கதையின் மையம் மூன்றும் போதும். கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றதை ஒரு வரியில் சொல்லிவிட்டு, பாடப்பகுதியின் விருந்தோம்பலுக்கு வந்துவிடுங்கள். கதைச்சுருக்கத்தை இங்கேயே கொட்டிவிடாதீர்கள்.

எழுதிய பிறகு

நான்கைந்து வரிக்கு மேல் போயிருந்தால் குறையுங்கள். பிறகு தலைப்பைக் கையால் மறைத்து, முன்னுரையை மட்டும் பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் காட்டுங்கள். இது எதைப் பற்றிய கட்டுரை என்று அவர் சரியாகச் சொல்லிவிட்டால், கடைசியில் எழுதிய "இக்கட்டுரையில் காண்போம்" என்ற வரியை அடித்துவிடலாம்.