கணினி இடாப்பில் ஒட்டலும் சேர்த்தலும்

எழுதி வைத்ததனைக் காத்தல், புதிதாக எழுதுதலினும் அரிய செயலாகும். பழைய மாணவர் பெயர்ப்பட்டியல்களும் பாடசாலைச் சேர்வு இடாப்புகளும் இக்காலத்திற் கணினிக்கு மாறி வருகின்றன. ஆதலின், முன்னுள்ள தரவுகளுடன் புதியவற்றைக் கூட்டும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

இதற்கு உதவுவன இரண்டு கட்டளைகள். ஒட்டல் என்பது, பிரதிசெய்த பகுதியை நாம் காட்டும் இடத்திற் பதித்தல். எக்செல் போன்ற விரிதாள்களில் அவ்விடத்து முன்னரே ஏதேனும் இருப்பின், அஃது அழிந்து புதியது அமரும். சேர்த்தல் என்பது, பழையதைத் தீண்டாது இறுதி வரியின் கீழ்ப் புதியதைத் தொடுத்தல். 1980களிற் பெரிதும் வழங்கிய டீபேஸ் மென்பொருளில் ‘அப்பெண்ட்’ என்னும் கட்டளை இப்பணியைச் செய்தது. லினக்ஸ் முறைமையிலோ இவ்வேறுபாடு ஒரு குறியின் அளவினதே. கோப்பின் பெயருக்கு முன் வலப்புறம் நோக்கிய கோணக்குறி ஒன்றாயின், கோப்பிலிருந்த பழையன யாவும் அழியும். இரண்டாயின், புதியன இறுதியிற் சேரும்.

ஓர் உதாரணத்தாற் காண்போம். இலங்கையின் மிகவுயர்ந்த புகையிரத நிலையம் அமைந்த பட்டிப்பொலவில் ஒரு பாடசாலை இடாப்பு உளதெனக் கொள்வோம். பழைய கோப்பில் 240 மாணவர். புதிய கோப்பில் 35 மாணவர். சேர்த்தபின் 275 வரிகள் இருத்தல் வேண்டும். 240 வரிகளே நிற்பின், புதியவை பழைய பெயர்களின்மேல் விழுந்தன என்று அறியலாம்.

எண்ணிக்கை பொருந்துதல் மட்டும் போதாது. பின்வரும் நான்கனையும் நோக்குதல் வேண்டும்.

முதலாவது, நிரல்களின் ஒழுங்கு. இரு கோப்புகளிலும் அது ஒன்றாயிராவிடின், தந்தை பெயர் இருக்குமிடத்திற் பிறந்த திகதி வந்து சேரும்.

இரண்டாவது, ஊர்ப்பெயர். பட்டிப்பொல, பட்டிப்பொலை, பட்டிபொல என எழுதினால் நமக்கு ஓரூர், கணினிக்கு மூன்றூர்.

மூன்றாவது, எண்கள். 052 எனத் தொடங்கும் நுவரெலியாத் தொலைபேசி இலக்கத்தை எண் நிரலில் இட்டால், முன்னுள்ள சுழியம் மறையும். அன்றியும், அவ்வூரின் உயரத்தை ஒருவர் ஏறத்தாழ 6,200 அடி எனவும், மற்றொருவர் 1,890 மீற்றர் எனவும் குறித்திருப்பர். இரண்டும் ஒரே நிரலிற் கலந்தால் கணக்குப் பிழைக்கும்.

நான்காவது, எழுத்துரு. பாமினியில் தட்டெழுதிய பெயரை யுனிகோட் கோப்பில் அவ்வாறே ஒட்டினால், ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். முதலில் அதனை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

இஃது எழுதுவினைஞரின் சிறு கவலை அன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ முன்னோரோ இத்தீவிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. பிறப்புப் பதிவுகளைக் காட்ட இயலாமை, மலையகத் தமிழர் பல்லாயிரவர் நாடற்றவராகியமைக்கு ஒரு காரணமாயிற்று. நாடற்றவராய் எஞ்சியோர்க்கு வழி திறந்த சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது. ஓர் இடாப்பின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் உரிமைக்குச் சான்றாதல் இதனால் விளங்கும்.

ஆதலால், பழைய கோப்பின் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்த பின்னரே புதியதைச் சேர்க்க. சேர்வு இலக்கத்தைக்கொண்டு, ஒரே பெயருடைய இருவரை ஒருவராக்காமலும், ஒருவரை இருமுறை பதியாமலும் காக்க. கணினியில் ஏற்றியாயிற்று என்று கடதாசி இடாப்பை எறியற்க. நம் சங்கத்தின் இளைய அன்பர்கள் தத்தம் ஊர்ப் பாடசாலைகளுக்கு இப்பணியிற் கைகொடுப்பாராயின், அதுவே இவ்விழா ஆண்டிற்கு ஏற்ற தொண்டாகும்.