சோமவாரமும் ஆசிரியர் கடமையும்

சிவமயம்

சைவப் பிள்ளைகளுக்குக் கல்வி பயிற்றும் ஆசிரியர்களே,

வாரவிடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலே, மறுநாட் பாடசாலையை நினைந்து மனஞ் சோர்தல் நம்மவருட் பலருக்கு உண்டு. திருத்தப்படாத கொப்பிகள், எழுதப்படாத பாடக்குறிப்புக்கள், அடங்காத வகுப்பு, அதிபர் கேட்கப்போகும் வினா என்னும் இவையெல்லாம் ஒருங்கு திரண்டு முன்னிற்கும். உணவு சுவையாது, உறக்கமும் வாராது. இச்சோர்வை அற்பமென்று விடுதல் தகாது. என்னையெனின், ஆசிரியர் திங்கட்கிழமை காலையிற் கொண்டுவரும் முகத்தையே மாணாக்கர் அவ்வாரத்தின் முதற்பாடமாக வாசிக்கின்றனர். காலைப் பிரார்த்தனையிலே தேவாரம் ஓதும்போது ஆசிரியர் முகம் வாடியிருப்பின், பாடசாலையும் தேவாரமும் துன்பத்தோடு கூடியன என்று பிள்ளைகள் உணர்ந்துகொள்வர். வாயாற் சொல்லாது கற்பித்த இப்பாடத்தைப் பின்னர் அழித்தல் அரிது.

இனி, இவ்வச்சம் நாளின்கண் உள்ளதோ மனத்தின்கண் உள்ளதோ என ஆராய்வாம். இலங்கையிலே 1966ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரையும் ஞாயிற்றுக்கிழமை வாரவிடுமுறையாக இருக்கவில்லை. சந்திரனது நான்கு நிலைகளையொட்டி வரும் போயா நாள்களே விடுமுறையாயின. ஆதலால் வேலை தொடங்கும் நாள் ஒருவாரம் புதனாகவும் மற்றொருகாற் சனியாகவும் மாறி வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்னே, திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அமாவாசை, பௌர்ணமி, அட்டமி, பிரதமை முதலிய திதிகளே ஓதாநாள்களாக இருந்தன. ஆகவே திங்கட்கிழமைக்கு இயல்பாக யாதொரு குற்றமும் இல்லை. ஓய்வு முடியும் எல்லையிலே மனந்தான் அச்சத்தைப் படைத்து, அதனை ஒரு நாளின்மேல் ஏற்றுகின்றது.

சைவருக்கோ அந்நாள் சோமவாரம். சிவபெருமானைக் குறித்து அனுட்டிக்கப்படும் விரதங்களுள்ளே சோமவார விரதம் சிறந்தது. கார்த்திகை மாதத்துச் சோமவாரங்கள் மிகச் சிறந்தன. தக்கனது சாபத்தாற் கலைகள் தேய்ந்த சந்திரன் சிவபெருமானைச் சரண்புகுந்து, திருச்சடையில் இடம்பெற்று, மீண்டும் வளரும் பேற்றை அடைந்தான் என்று புராணங் கூறும். தேய்ந்தவனைத் தாங்கிய பெருமானுக்குரிய நாளிலே, தேய்ந்த மனத்தோடு அவர் திருமுன் நிற்றற்கு நாணவேண்டுவதில்லை. தாங்குவார் ஒருவர் உளர் என்னுந் துணிவே வேண்டும்.

அச்சத்தின் வேர் யாதெனின், “இவையெல்லாம் யான் ஒருவனே செய்து முடிக்க வேண்டும், பயன் வாராவிடின் அஃது என் இழிவு” என்னும் எண்ணமாம். இதனையே திருக்குறள் யான் எனது என்னுஞ் செருக்கு என்று கூறும். திருநாவுக்கரசு நாயனார் உழவாரப்படை ஏந்தித் திருவீதியிற் புல்லைச் செதுக்கினார். செதுக்கிய புல் மழை வர மீண்டும் முளைக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். முளையாதபடி செய்தல் தம் கடமை என்று அவர் கொள்ளவில்லை. அன்றன்று செதுக்குதலையே தொண்டாகக் கொண்டார். நேற்றுத் திருத்திய எழுத்துப்பிழையை மாணாக்கன் இன்றும் எழுதுவான். அதனைச் சலியாது திருத்துதல் நமது உழவாரத் தொண்டு.

ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டிலே வெசிலியன் பாடசாலையில் வகித்த உத்தியோகத்தை விட்டு, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். அது நிலைபெறுமோ என்பதை அன்று முன்னறிதற்கு வழியில்லை. பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டியிருந்தது; பாலபாடங்களை எழுதினார். அவற்றைப் பதிப்பிக்க அச்சியந்திரம் வேண்டியிருந்தது; அதனையும் தாபித்தார். முடிவை எண்ணிக் கலங்காது, அடுத்துச் செய்யத்தக்கதைச் செய்தமையே அவர் வெற்றிக்கு ஏது.

தடை: நம்பிக்கை உண்டாயின் வேலை குறையுமோ?

விடை: குறையாது. வேலையைக் குறித்து மனம் படைத்துக்கொண்ட பாரங் குறையும். வகுப்பில் நின்று கற்பிக்கத் தொடங்கிய சிறிது நேரத்திலே ஞாயிறு மாலைக் கலக்கம் பெரும்பாலும் நீங்கிவிடுதலை நாமே அனுபவத்தில் அறிவோம்.

தடை: கடன், நோய், மேலோரது கடுமை என்பன கற்பனையோ?

விடை: அல்ல. அவற்றிற்கு உரிய பரிகாரம் தேடுதல் கடமையாம். சிவசிந்தனை அவற்றை மறைக்குந் திரையன்று. அவற்றை நேர்நின்று நோக்குதற்கு வேண்டும் வலிமை. உறக்கமின்மையும் சோர்வும் பலவாரம் நீங்காதிருப்பின் மருத்துவரை நாடுக. மருந்தும் திருவருள் காட்டும் வழியேயாம்.

இனி, ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்குகள் வருமாறு:

1. வெள்ளிக்கிழமை பாடசாலையை விட்டு நீங்குமுன், திங்கட்கிழமை முதற்பாடத்தின் குறிப்பை எழுதி மேசையில் வைத்தல். தொடங்கும் இடம் தெரியின் பாதி அச்சம் நீங்கும்.

2. திருத்தவேண்டிய கொப்பிகளைச் சனிக்கிழமையே திருத்தி, ஞாயிறு மாலையை அவற்றிற்கு விடாமை.

3. ஞாயிறு மாலையிலே விளக்கேற்றி, இல்லத்தாரோடு ஒரு பதிகம் ஓதி, காலத்தோடு உறங்கல்.

4. திங்கட்கிழமை வைகறையில் எழுந்து நீராடி, விபூதி தரித்து, பஞ்சாட்சரம் செபித்து, “இன்று அடியேன் செய்வது தேவரீர் பணி” என்று விண்ணப்பித்தல். விரதம் அனுட்டிக்க இயன்றவர் அனுட்டிக்க. உடல்நலம் இடந்தராதவர் சிவதரிசனத்தோடு அமைக.

5. இடாப்பு அழைக்கும்போது ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நோக்கி அழைத்தல். பின்தங்கிய பிள்ளை ஒன்றினுக்கு அன்று ஒரு சிறு காரியமாயினும் விளங்கவைத்தல்.

இவற்றுள் ஐந்தாவதை மறவற்க. வாரமுழுவதையும் ஒருங்கே சுமக்க எவராலும் இயலாது. ஒரு பிள்ளைக்கு ஒரு காரியத்தை விளக்குதல் யாவராலும் இயலும். அவ்வாறு விளங்கிய பிள்ளையின் முகமலர்ச்சியைக் கண்ட ஆசிரியருக்கு அடுத்த சோமவாரம் இத்துணை அச்சந் தாராது.

ஆதலால், அன்பர்களே, வருஞ் சோமவாரத்திலே இவ்வொழுங்குகளைத் தொடங்குக. தொண்டு நம்முடையது, பயன் திருவருளினது.

திருச்சிற்றம்பலம்.