ஸ்டில் படத்தின் பின்பக்கம்



பழைய திரை நட்சத்திரங்களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் பெரும்பாலானவை திரைப்படச் சுருளிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டவை அல்ல. ஒரு காட்சி படமாகி இயக்குநர் ‘ஓகே’ சொன்னதும், நடிகர்களை அதே இடத்தில் அதே பாவனையோடு நிற்கவைத்து, ஸ்டில் போட்டோகிராபர் தனிக் கேமராவில் எடுத்தவை. எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்தில் ஆர்.என். நாகராஜ ராவ் இப்பணியில் பெயர்பெற்றவர். இன்று கைபேசியில் வலம்வரும் எத்தனையோ படங்கள் இத்தகைய கலைஞர்களின் உழைப்பு. அவர்கள் பெயர் மட்டும் உடன் வருவதில்லை.

அந்த முகங்களின் பளபளப்புக்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. முகத்துக்கு ஒரு முதன்மை விளக்கு, தலைமுடியின் ஓரம் மின்னப் பின்னாலிருந்து ஒரு விளக்கு, நிழலின் கருமையைக் குறைக்க இன்னொன்று. பெரிய நெகட்டிவில் பதிவானதால் கண்ணிமை கூடத் தெளிவாக விழுந்தது. அதன்பின் ‘டச்சிங்’ நடந்தது: கூர்மையான பென்சிலால் நெகட்டிவின் மேலேயே கோடிட்டு, முகத்தின் தழும்பையும் சுருக்கத்தையும் மறைத்தார்கள். ஆகவே அந்தக் கால அழகு முழுக்க இயற்கையானது என்பது சரியல்ல. அதில் ஒப்பனையாளர், விளக்குக்காரர், டச்சிங் செய்தவர் எல்லாரின் கையும் இருக்கிறது. இதை அறிந்தபின் அந்தப் படங்கள் மேல் மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

தருமபுரி மாவட்டத்துக்குத் தமிழ்த் திரைப்பட வரலாற்றில் நெருங்கிய பங்கு உண்டு. 1965 அக்டோபர் 2 அன்று தனி மாவட்டமாகும்வரை இது சேலம் மாவட்டத்தின் பகுதி. தொப்பூர் கணவாயைத் தாண்டிப் போனால் சேலத்தில், ஏற்காடு சாலையில், டி.ஆர். சுந்தரம் 1930களில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. பி.யு. சின்னப்பா இரட்டை வேடமிட்ட ‘உத்தம புத்திரன்’ 1940இல் வந்தது. மு. கருணாநிதி வசனம் எழுதி எம்.ஜி.ஆர். நடித்த ‘மந்திரி குமாரி’ 1950இல் வெளியானது. அதை சுந்தரமும் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் இயக்கினார்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் வந்தது. சென்னையின் ஸ்டூடியோக்களைப் பற்றி நூல்கள் பல பேசுகின்றன. சேலத்துக்கு உரிய இடம் இன்னும் போதுமான அளவு கிடைக்கவில்லை.

படங்கள் ஊருக்குள் வந்தது டூரிங் டாக்கீஸ் வழியாக. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் போன்ற ஊர்களின் சுற்றுவட்டத்து மக்களுக்கு சினிமா என்றால் மணல் தரையும், கொட்டகையும், இரவுக் காட்சியும்தான். பகலில் தட்டி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போகும். மைக்கில் படத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே நோட்டீஸ் வீசுவார்கள். தியேட்டர் வாசலில் கம்பிவலையோ கண்ணாடியோ போட்ட பெட்டிக்குள் ஸ்டில் படங்கள் வரிசையாகக் குத்தப்பட்டிருக்கும். டிக்கெட்டுக்குக் காசில்லாதவர்களும் அவற்றைப் பார்த்தே பாதிக் கதையைப் புரிந்துகொண்டார்கள். முடிதிருத்தும் கடை, தையல் கடை, டீக்கடைச் சுவர்களில் அதே முகங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. ஊர் ஸ்டூடியோவில் படம் பிடித்துக்கொள்ளப் போன இளைஞர்களும் தங்களுக்குப் பிடித்த நடிகரைப் போலவே முகத்தைச் சற்றுத் திருப்பி நின்றார்கள். நட்சத்திரப் படத்தையும் குடும்ப ஆல்பத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தக் காலத்து ஆசைகள் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும்.

காட்சி முடிந்தபின் வீட்டுக்குக் கொண்டுபோகப் பாட்டுப் புத்தகம் இருந்தது. மலிவுக் காகிதம், அட்டையில் கதாநாயகியின் முகம், உள்ளே பாடல்களும் கதைச் சுருக்கமும். சுருக்கம் முக்கியமான திருப்பத்தில் நின்று, மீதியைத் திரையில் காணச் சொல்லும். ‘பேசும் படம்’, ‘குண்டூசி’, 1966இல் தொடங்கிய ‘பொம்மை’ ஆகிய இதழ்களின் நடுப்பக்கங்கள் கிழிக்கப்பட்டு டிரங்குப் பெட்டிகளின் மூடிகளில் ஒட்டப்பட்டன. பின்னர் தொலைக்காட்சியின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சி அடுத்த தலைமுறைக்கு அதே முகங்களை அறிமுகம் செய்தது. இன்று அந்தப் படங்களை ரசிக்கும் இளைஞர்களில் பலர், அந்த நடிகர்கள் மறைந்த பிறகு பிறந்தவர்கள். தான் வாழாத காலத்துக்கு ஏங்குவது வினோதமில்லை. தாத்தா பாட்டியின் பேச்சில் கேட்ட காலம் பேரப்பிள்ளைகளுக்கும் சொந்தம்தான்.

இந்த ஏக்கத்துக்கு ஒரு பயனும் உண்டு: அழிந்த படங்களின் மிச்சங்களைக் காக்க அது தூண்டும். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று வெளியானது. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. அதன் பிரதி எதுவும் இன்று கிடைப்பதில்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமான ‘கீசக வதமும்’ அழிந்துவிட்டது. இத்தகைய படங்களைப் பற்றி மிஞ்சியிருப்பவை விளம்பரங்களும் பத்திரிகைக் குறிப்புகளும் சில நிழற்படங்களும்தான். இதை நன்கு உணர்ந்தவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். புகைப்படக்காரராகத் தொடங்கி, 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு மக்கள் தொடர்பாளராகப் பணியாற்றியவர். ஒவ்வொரு படத்தின் ஸ்டில்லையும் தகவலையும் வாழ்நாள் முழுக்கத் திரட்டினார். அந்தத் தொகுப்பைத் தமிழக அரசு பின்னர் வாங்கிக்கொண்டது. 2016இல் மறைந்தார். பல்கலைக்கழகங்கள் செய்திருக்க வேண்டிய வேலையைத் தனி மனிதர் ஒருவர் செய்தார் என்பது பெருமைக்கும் கவலைக்கும் உரியது.

இப்போது கைபேசியில் பரவும் பழைய ஸ்டில் படங்களில் இரண்டு குறைகள் அதிகம். ஒன்று, தவறான பெயரும் ஆண்டும். மற்றொன்று, கணினி பூசிய வண்ணம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சேலையின் உண்மையான நிறம் பதிவாகவே இல்லை. சாம்பலின் அடர்த்தி மட்டுமே பதிவானது. ஆகவே பூசப்பட்ட நிறம் ஊகம்தான். பழைய படத்தின் காலத்தைக் கணிக்க, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் உதவும்: ஸ்டூடியோ முத்திரை, தயாரிப்பு நிறுவனத்தின் பெயர், யாரோ கிறுக்கிய தேதி.

படங்களை அழிப்பவை வெப்பமும் ஈரமும் பசையும். ஒட்டும் தாள் கொண்ட ஆல்பங்களில் பசை படத்துக்குள் இறங்கி மஞ்சள் கறை உண்டாக்கும். செல்லோடேப் அதைவிட மோசம். பழைய நெகட்டிவில் புளித்த காடி வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவைக்க வேண்டும். வண்ணப் படங்கள் வெளிச்சத்தில் வெளுக்கும். கறுப்பு வெள்ளைப் படங்கள், சரியாகக் கழுவி எடுக்கப்பட்டிருந்தால், நூறாண்டும் தாங்கும்.

தங்கையே, உன் வீட்டுப் பரணிலோ பக்கத்து வீட்டு டிரங்குப் பெட்டியிலோ ஒரு பாட்டுப் புத்தகமாவது, தியேட்டர் நோட்டீஸாவது இருக்கும். ஓரத்தைப் பிடித்து எடு. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இரு பக்கங்களையும் படமெடு. எந்த ஊர்க் கொட்டகையில் எந்த ஆண்டு பார்த்தார்கள் என்று பெரியவர்களைக் கேட்டு, மென்மையான பென்சிலால் தனித்தாளில் எழுதி உடன் வை. சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடு.