கார் கம்பெனியை நடத்தியவர் மாநிலத்தை நடத்தலாமா?

ஒன்பதாம் வகுப்புக் குடிமையியலில் தேர்தல், அரசியல் கட்சிகள், அழுத்தக் குழுக்கள் பற்றிய பாடம் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொருளியலில் தமிழ்நாட்டின் தொழில்துறைத் தொகுப்புகள் பற்றிய பாடம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியே நடத்தி முடித்துவிடலாம். எங்கள் பள்ளியில் அது முடியவில்லை. நாங்கள் இருப்பது செங்கல்பட்டு மாவட்டத்தில், விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகப் போகும் சாலைக்குப் பக்கத்தில். வகுப்பில் பல பேர் வீட்டில் ஒருவராவது கார் ஆலைக்கோ உதிரிபாக ஆலைக்கோ வேலைக்குப் போகிறவர்.

2021 செப்டம்பரில், பெருந்தொற்று விடுமுறைக்குப் பின் உயர்வகுப்புகள் திறந்த சில நாட்களிலேயே, ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. அந்த வாரம் தேர்தல் பாடத்தின் நடுவே ஒரு மாணவன் கேட்டான்: "நல்லா பிசினஸ் பண்ற ஒருத்தர் ஆட்சிக்கு வந்தா கம்பெனிய மூட விடுவாரா டீச்சர்?" வகுப்பே அவன் பக்கம் தலையாட்டியது. லாபம் சம்பாதிக்கத் தெரிந்தவருக்கு ஆளவும் தெரியும் என்பது பிள்ளைகள் மனத்தில் ஆழமாக வேரோடிப் போன எண்ணம். அதைச் சரி என்றோ தவறு என்றோ நான் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டால் அது பாடமாகாது.

உள்ளூர் எடுத்துக்காட்டு எடுத்தால், பிள்ளைகள் அவரவர் வீட்டுக் கட்சியை வகுப்புக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். நாமோ அரசு ஊழியர்கள். எந்தக் கட்சிக்கும் சார்பாகவோ எதிராகவோ பேசக் கூடாதவர்கள். அதனால் உலக வரைபடத்தை மாட்டி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போனேன். அங்கே ஒரே குடும்பத்தில் தந்தையும் மகனும் தொழில் நடத்திவிட்டு அரசியலுக்கு வந்தார்கள். இருவரும் அதிபர் பதவிக்கு முயன்றார்கள். இருவர் கதையிலும் கார் தொழில் நடுவில் நிற்கிறது. மூன்று பாடவேளைகளில் இதை நடத்தி வருகிறேன்.

முதல் பாடவேளை தந்தைக்கு. ஜார்ஜ் ராம்னி 1907-இல் பிறந்தவர். 1954-இல் நாஷ்-கெல்வினேட்டர், ஹட்சன் என்ற இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் உருவானது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் தலைவர் இறந்துபோக, பொறுப்பு ராம்னிக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிறைஸ்லர் என்ற மூன்று பெரிய நிறுவனங்களுக்கு முன்னால் இது சின்னப் பிள்ளை. அடுத்தடுத்த ஆண்டுகளில் நஷ்டம். அந்த மூன்றும் ஆண்டுக்கு ஆண்டு நீளமான, கனமான கார்களைச் செய்துகொண்டிருந்தன. ராம்னி எதிர்த்திசையில் போனார். நாஷ், ஹட்சன் என்ற பழைய பெயர்களையே விட்டுவிட்டு, ராம்ப்ளர் என்ற சிறிய காரை மட்டும் நம்பினார். பெரிய கார்களைப் பெட்ரோல் குடிக்கும் டைனோசர்கள் என்று மேடைதோறும் கேலி செய்தார். 1958-இல் பொருளாதாரம் மந்தமாகி மற்றவர்கள் தடுமாறியபோது இவருடைய நிறுவனம் லாபம் பார்த்தது. 1961-இல் ராம்ப்ளர் விற்பனையில் மூன்றாம் இடத்துக்கு வந்தது.

இந்த இடத்தில் பிள்ளைகள் "சூப்பர் டீச்சர்" என்பார்கள். அங்கேதான் ஒரு தகவலைச் சேர்ப்பேன். நிறுவனங்கள் இணைந்த அந்த 1954-ஆம் ஆண்டிலேயே, டெட்ராய்ட் நகரில் இருந்த ஹட்சன் ஆலையில் கார் தயாரிப்பு நின்றுபோனது. வேலை விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷா நகருக்குப் போனது. நிறுவனம் பிழைத்தது, டெட்ராய்ட் தொழிலாளி வேலை இழந்தார். இரண்டும் ஒரே முடிவின் இரண்டு பக்கங்கள். லாபக் கணக்கில் இரண்டாவது பக்கம் வராது.

1962 தேர்தலில் ராம்னி மிச்சிகன் ஆளுநராக வென்றார். (ஆளுநர் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் குழப்பம் வரும். அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர். இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) இப்போது கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் 'கம்பெனித் தலைவர்', வலப்பக்கம் 'ஆளுநர்' என்று எழுதுவேன். யாரால் எதைச் செய்ய முடியும் என்று குழுவாகப் பேசி எழுத வேண்டும்.

போன ஆண்டு ஒரு குழு எழுதியதை அப்படியே தருகிறேன்: "கம்பெனியில் ஆள் அதிகமானால் அனுப்பிவிடலாம். மாநிலத்தில் மக்கள் அதிகமானால் எங்கே அனுப்புவது?" இன்னொரு குழு, ஆலையை வேறு மாநிலத்துக்கு மாற்றலாம், மாநிலத்தை வேறு மாநிலத்துக்கு மாற்ற முடியாது என்று எழுதியது. எந்த வழிகாட்டி நூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. ஆளுநர் ராம்னியும் அந்தச் சிக்கலுக்குள்தான் போனார். செலவைக் குறைத்தே மாநிலத்தை நடத்திவிட முடியவில்லை. 1967-இல் மிச்சிகனில் முதன்முறையாக மாநில வருமான வரி கொண்டுவரப்பட்டது அவர் காலத்தில்தான். அதே கோடையில் டெட்ராய்ட் நகரில் பெரும் கலவரம் வெடித்தது. அதை அடக்கக் கூட்டாட்சி அரசின் படை வர வேண்டியிருந்தது.

அதிபர் பதவிக்கான அவருடைய முயற்சி ஒரு சொல்லில் சரிந்தது. வியட்நாம் போரை ஏன் முன்பு ஆதரித்தீர்கள் என்று 1967 ஆகஸ்டில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் கேட்டார்கள். அங்கே போனபோது தளபதிகளும் தூதரக அதிகாரிகளும் தன்னை மூளைச் சலவை செய்துவிட்டார்கள் என்ற பொருளில் பதில் சொன்னார். அதன் பிறகு அந்தச் சொல் மட்டுமே நாடெங்கும் ஒலித்தது. 1968 பிப்ரவரி இறுதியில் போட்டியிலிருந்து விலகினார். அதே பிரச்சாரத்தின்போது தன்னுடைய 12 ஆண்டு வருமான வரிக் கணக்கை மக்கள் முன் வைத்தவரும் அவர்தான். ஒரே ஓர் ஆண்டுக் கணக்கு தற்செயலாக நல்லதாக இருக்கலாம் என்பது அவருடைய வாதம். அரசியலுக்கு வரும் தொழிலதிபரிடம் முதலில் என்ன கேட்க வேண்டும் என்ற விவாதத்துக்கு இது நல்ல தொடக்கம்.

இரண்டாம் பாடவேளைதான் எனக்குப் பிடித்தது. இதில் மகன் வருகிறார். மிட் ராம்னி 1947-இல் டெட்ராய்ட்டிலேயே பிறந்தவர். கார் செய்தவர் அல்லர். 1984-இல் பெய்ன் கேப்பிட்டல் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்துவிட்டு அதிபர் பதவிக்கு முயன்றார். 2008 இறுதியில் டெட்ராய்ட் நிறுவனங்கள் கையில் பணமில்லாமல் வாஷிங்டனுக்கு உதவி கேட்டு ஓடின. மூன்று நிறுவனத் தலைவர்களும் தனித்தனி விமானத்தில் போய் இறங்கினார்கள். கடன் கேட்கப் போகிறவர் பல்லக்கில் போனால் எப்படி இருக்கும்! பிள்ளைகள் இதைக் கேட்டு நன்றாகச் சிரிப்பார்கள்.

அந்த நவம்பரில் மிட் ராம்னி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். இதற்காக இரண்டு அட்டைகள் செய்து வைத்திருக்கிறேன். முதல் அட்டையில் கட்டுரையின் தலைப்பு மட்டும்: 'டெட்ராய்ட் திவாலாகட்டும்'. எழுதியவர் என்ன சொல்கிறார் என்று கேட்டால், ஊரே அழிந்து போகட்டும் என்கிறார், கல்நெஞ்சக்காரர் என்றெல்லாம் எழுதுவார்கள். பிறகு இரண்டாம் அட்டை. அதில் கட்டுரையின் சாரத்தை என் சொற்களில் எழுதியிருக்கிறேன்: அரசு சும்மா பணம் கொடுத்தால் கார் தொழில் மெல்ல மெல்ல அழியும், நீதிமன்றத்தின் மேற்பார்வையில் திட்டமிட்ட திவால் நடவடிக்கை வேண்டும், அதிலிருந்து வெளிவரும்போது கடனுக்கும் வாங்கியவர்களின் வாரண்டிக்கும் அரசு உத்தரவாதம் தரலாம், என் தந்தையும் ஒரு கார் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர். அந்தத் தலைப்பை வைத்தது அவர் அல்ல, நாளிதழ் என்பதை இதற்குப் பிறகுதான் சொல்வேன்.

இங்கே திவால் என்ற சொல்லை நின்று விளக்க வேண்டும். நம் ஊரில் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றால் கதை முடிந்தது என்று பொருள். அமெரிக்கச் சட்டத்தில் இன்னொரு வழி இருக்கிறது. கடன்காரர்களை நீதிமன்றம் தடுத்து நிறுத்திவைக்கும், ஆலை ஓடிக்கொண்டே இருக்கும், கடன்கள் மறுசீரமைக்கப்படும். நம் நாட்டின் 2016 திவால் சட்டமும் நிறுவனத்தைக் கலைப்பதற்கு முன் மீட்கத்தான் முதலில் முயல்கிறது. வணிகவியல் ஆசிரியர் பள்ளியில் இருந்தால் இந்தப் பத்து நிமிடத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து நடந்ததையும் மறைக்கக் கூடாது. இல்லாவிட்டால் பாவம் அந்த மனிதர் என்று வகுப்பு மறுபக்கம் சாய்ந்துவிடும். 2008 டிசம்பரில் அதிபர் புஷ் 1,740 கோடி டாலர் அவசரக் கடன் அறிவித்தார். அடுத்து வந்த ஒபாமா அரசு மேலும் பணம் போட்டது. ஆனால் திவால் நடவடிக்கை வழியாகவே போட்டது. கிறைஸ்லர் 2009 ஏப்ரல் 30 அன்றும், ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1 அன்றும் நீதிமன்றம் போயின. அப்படியானால் ராம்னி சொன்னதுதானே நடந்தது? பாதி மட்டும். அந்த மாதங்களில் வங்கிகளே ஆட்டம் கண்டிருந்தன. திவால் நடவடிக்கை நடக்கும் காலத்துக்குத் தனியார் கடன் கிடைக்காத நிலை. அரசுப் பணம் உள்ளே வந்திருக்காவிட்டால் ஆலைகள் முழுவதுமாக நின்றிருக்கும் என்பது அரசுத் தரப்பின் வாதம். இன்னொரு பக்கம், ஜெனரல் மோட்டார்ஸில் போட்ட சுமார் 5,000 கோடி டாலரில் 1,000 கோடிக்கு மேல் அரசுக்குத் திரும்பவில்லை. வேலைகள் பிழைத்ததற்கு அது தகுந்த விலையா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும்.

2012 அதிபர் தேர்தலில் மிட் ராம்னி, பிறந்த மாநிலமான மிச்சிகனிலேயே தோற்றார். நான்கு ஆண்டுக்கு முந்தைய அந்தத் தலைப்பை எதிர்த்தரப்பு ஊர் ஊராகக் கொண்டுபோயிருந்தது. அவர் தரப்பும் சும்மா இருக்கவில்லை. ஜீப் வாகனங்கள் சீனாவில் செய்யப்படப் போகின்றன என்று தேர்தல் நேரத்தில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. சீனச் சந்தைக்காகச் சீனாவில் செய்யும் திட்டம் இருந்தது உண்மை. அமெரிக்க ஆலையை மூடி அங்கே கொண்டுபோகும் திட்டம் இல்லை. கிறைஸ்லர் தலைவரே தொழிலாளர்களுக்குக் கடிதம் எழுதி மறுத்தார். தலைப்பால் அடிபட்டவர் தரப்பே அதே கம்பை எடுத்து வீசியது. பிள்ளைகள் இந்த இடத்தில் யார் பக்கமும் நிற்க மாட்டார்கள். இரு தரப்பையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

நேரம் இருந்தால் இன்னும் இரண்டு பெயர்களைச் சேர்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராக இருந்த சார்லஸ் வில்சன் 1953-இல் பாதுகாப்பு அமைச்சரானார். நிறுவனத்துக்கு நல்லது நாட்டுக்கு நல்லது என்று அவர் சொன்னதாக இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். செனட் குழுவிடம் அவர் சொன்ன வரிசை வேறு: நாட்டுக்கு நல்லது நிறுவனத்துக்கு நல்லது என்பது முதலில், அதன் மறுதலையும் உண்மை என்பது அடுத்து. பதவி ஏற்கத் தன் பங்குகளை விற்க வேண்டியிருந்தது. இன்னொருவர் ராஸ் பெரோ. தன் கணினிச் சேவை நிறுவனத்தை 1984-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு விற்று, அதன் இயக்குநர் குழுவில் அமர்ந்து, நிர்வாகத்தை வெளிப்படையாகத் திட்டி, 1986-இல் பெரும் தொகையோடு வெளியேற்றப்பட்டவர். 1992-இல் கட்சி சாராமல் அதிபர் தேர்தலில் நின்று கிட்டத்தட்ட 19 சதவீத வாக்கு வாங்கினார். தேர்வாளர் வாக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அமெரிக்கத் தேர்தல் முறையை விளக்க இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

மூன்றாம் பாடவேளை எழுத்துக்கு. 'ஓர் ஆலை மூடப்படும்போது அரசு என்ன செய்யலாம்?' என்பது தலைப்பு. ஒரு பக்கம் போதும். இதில் ஒரு கவனம் தேவை. யார் வீட்டில் வேலை போனது என்று வகுப்பில் கை தூக்கச் சொல்லாதீர்கள். ஓர் உதிரிபாக ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளராக இருந்தவரின் மகள், வாயே திறக்காமல் இரண்டு பாடவேளையும் உட்கார்ந்திருந்தாள். தாளில் எழுதியிருந்தாள்: "பெரிய கம்பெனி மூடினால் பேப்பரில் வரும். அதற்கு நட்டு செய்து கொடுத்த கம்பெனி மூடினால் வராது. அரசாங்கம் பேப்பரில் வராததையும் எண்ண வேண்டும்." அந்தத் தாளை அவளிடம் அனுமதி கேட்டு, பெயர் சொல்லாமல் படித்தேன். அதற்குப் பிறகுதான் நேரடி வேலை, மறைமுக வேலை என்ற பாடப்புத்தகச் சொற்கள் மற்றவர்களுக்கு விளங்கின.

தொடக்கநிலை ஆசிரியர்கள் இதில் அட்டைச் செயல்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புக்கு ராம்னி வேண்டாம். சிறுவர் இதழ்ச் செய்தி ஒன்றின் தலைப்பை முதலில் கொடுத்து ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு செய்தியைக் கொடுங்கள். தலைப்பை அவர்களே மாற்றி எழுதட்டும்.

இந்த ஆண்டு பிள்ளைகள் கேட்டது, அப்பா ராம்னி நடத்திய கம்பெனி இப்போது எங்கே என்று. நூலகத்தில் தேடி ஒரு சார்ட்டில் சங்கிலி வரைந்தார்கள். 1970-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் ஜீப்பை வாங்கியது. அடுத்த பத்தாண்டின் இறுதியில் பிரான்சின் ரெனோ நிறுவனம் அதில் பெரும் பங்கு வாங்கத் தொடங்கியது. 1987-இல் கிறைஸ்லர் முழுவதையும் வாங்கிக்கொண்டது. அடுத்த ஆண்டே கெனோஷாவில் கார் தயாரிப்பை நிறுத்தியது. ரெனோ என்ற பெயரைப் பார்த்ததும் பின்பெஞ்சில் ஒருவன் எழுந்தான். அவன் அண்ணன் போவது ரெனோவும் நிசானும் கூட்டாகத் தொடங்கி, 2010 முதல் ஒரகடத்தில் இயங்கும் ஆலைக்கு. சார்ட்டின் ஓரத்தில் ஒரகடம் என்று எழுதி, கெனோஷாவிலிருந்து அதுவரை பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு இழுத்தான். சார்ட் இப்போதும் பத்தாம் வகுப்புச் சுவரில் இருக்கிறது.