அரண்மனைப் பந்தும் பள்ளி மைதானமும்

பூப்பந்தைக் கண்டுபிடித்தவர் தஞ்சை மன்னர் என்பது திருவையாறு, தஞ்சாவூர் வட்டாரத்துக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. பெருமையில் பாதி செல்லும். மஞ்சள் கம்பளிப் பந்தை மட்டையால் வலைக்கு மேலே அடித்தாடும் இந்த ஆட்டத்தைத் தஞ்சை அரச குடும்பத்தார் 1856-லேயே ஆடினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆனால் அந்த ஆண்டில் தஞ்சைக்கு மன்னரே கிடையாது. இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசின்றி இறக்க, கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. சொத்துக்காக ராணி காமாட்சி பாய் கம்பெனியோடு மல்லுக்கட்டிய காலம் அது. ஆக, பந்தடித்தவர்கள் ஆட்சி பறிபோன அரண்மனைக்காரர்கள்.

இறகுப்பந்துக்கு வசதியில்லாதவர்கள் ஆடுவதுதான் பூப்பந்து என்ற எண்ணமும் பரவலாக உண்டு. பூனாவில் இறகுப்பந்துக்கு விதிகள் எழுதப்பட்டது 1873-இல். அதற்கு முன்பே தஞ்சையில் கம்பளிப் பந்து பறந்துகொண்டிருந்தது. காற்றடிக்கும் நாட்களில் வெள்ளைக்காரர்களே இறகை வைத்துவிட்டுக் கம்பளியை எடுத்தார்கள். காரணம் எடை. இறகுப்பந்து ஐந்து கிராம் சொச்சம். பூப்பந்து 27 முதல் 30 கிராம். ஆடிக் காற்றுக்கு ஐந்து கிராம் எம்மாத்திரம்!

உள்ளரங்கம் கட்ட வழியில்லாத பள்ளிக்கு இது தோதான ஆட்டம். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், நடுவில் ஒரு வலை. பக்கத்துக்கு ஐவர் என ஒரே நேரத்தில் பத்துப் பேர் ஆடலாம். பந்து தரையைத் தொடக் கூடாது என்பதால் யாரும் மரம்போல நிற்க முடியாது. இளக்காரமான ஆட்டமும் அல்ல: 1970-இல் ஜே. பிச்சய்யா என்ற வீரர் அர்ஜுனா விருது வாங்கியது இந்த ஆட்டத்துக்காகத்தான்.

“கிராமத்துப் பிள்ளைகள் தாமாகவே ஓடியாடும், வயல்வெளி இருக்க மைதானம் எதற்கு?” டெல்டாக்காரர் யாரும் இதைச் சொல்லக் கூடாது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை; பிறகு சம்பா, தாளடி. தை அறுவடைக்கு முன்னமே நெல்லுக்கு நடுவில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறார்கள். அந்த இளம்பயிரில் பந்தடித்தால் சும்மா விடுவார்களா? வயல் காலியாவது பங்குனிக்குப் பிறகு, கொளுத்தும் வெயிலில், பள்ளி மூடும் நேரத்தில். ஐயாற்று ஊரில் ஆற்று மணல் ஆட்டத்துக்குக் கிடைப்பதும் தண்ணீரில்லாத அந்த மாதங்களில்தான்.

பிள்ளைகள் எவ்வளவு ஓடியாட வேண்டும்? 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் கணக்கோடு 2019-இல் வெளியான ஆய்வின்படி, 11 முதல் 17 வயதினரில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. இந்தியாவின் நிலை சற்றுப் பரவாயில்லை. பையன்களுக்குத் தெருக் கிரிக்கெட் காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். பெண் பிள்ளைகளுக்கு? வீட்டு வேலை! பாத்திரம் துலக்குவதும் தண்ணீர் சுமப்பதும் உடற்பயிற்சிக் கணக்கில் ஏறியிருந்தால், அதில் மகிழ என்ன இருக்கிறது?

பந்து பையன்கள் சமாச்சாரம் என்பவர்கள் பழைய இலக்கியத்தைப் புரட்டலாம். சீவக சிந்தாமணியில் பந்தாடுபவள் விமலை, பெருங்கதையில் மானனீகை, குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லி. மூவரும் பெண்கள்.

பூப்பந்து செத்துப்போன ஆட்டமும் அல்ல. பள்ளிகளின் குறுவட்டப் போட்டிப் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், போட்டிக்குப் போவது பள்ளிக்கு ஒரு குழு. மற்ற பிள்ளைகள் கைதட்டுவதோடு சரி. திருவையாற்றுப் பக்கத்துப் பெற்றோர் அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேட்கட்டும்: பி.டி. பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போகிறதா, வலையும் மட்டையும் பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா, பெண் பிள்ளைகளுக்கு மைதானம் எந்தக் கிழமை?